ஓடும் சொல்லும் நடத்தும் சொல்லும்

அகராதி வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கடினமான சொற்கள்தான் எங்களைப் படுத்தும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்ற சொல்லுக்கு ‘ஒளிச்சேர்க்கை’ என்று எழுதிவிட்டு, ஒரு வரி விளக்கமும் சேர்த்து, அரை மணி நேரத்தில் அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். மாதக்கணக்கில் மேசையை விட்டு நகராமல் கிடப்பவை ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘புட்’, ‘கெட்’ போன்ற சொற்கள்; ஆங்கிலம் பேசும் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்தவை. இந்தத் தவிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் பிடிபடாமல் நழுவிக்கொண்டே போகும் வினைகள் என்று முன்னுரையில் ஒரு வரிசையே தருகிறார். ‘ரன்’ அதில் இருக்கிறது. ‘டேக்’ என்ற ஒரு வினைக்கு மட்டும் அவர் 134 பொருள் எழுதினார். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ உடையது: சுமார் 430 பொருள், 60,000 சொற்கள் அளவுக்கு நீண்ட விளக்கம். பிறகு அந்த அகராதியின் திருத்தப் பணியில் ‘ரன்’ முந்திக்கொண்டது. அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்து எழுத ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. 2011இல் அது செய்தியாகவும் வந்தது.

645 என்ற எண்ணைக் கேட்டவுடன் ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள் அத்தனை பொருளும் அடைந்து கிடப்பதாக ஒரு சித்திரம் எழுகிறது. எங்கள் தொழிலில் நாள்பட்டவர்கள் அந்தச் சித்திரத்தை மெல்ல மெல்லக் கைவிடுகிறார்கள். அந்த எண் சொல்லைவிட, எண்ணியவரின் நோக்கத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லரின் தலைமையில் 1985 முதல் உருவான ‘வேர்டுநெட்’ என்ற சொற்களஞ்சியம் இதே வினைக்கு 41 பொருள்தான் காட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு வழக்கொழிந்த பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் வரலாற்று அகராதி. ஆகவே எண்ணிக்கை கூடும் என்பது சரிதான். ஆனால் அதை மட்டும் வைத்து 41க்கும் 645க்கும் இடையிலான தூரத்தைக் கடந்துவிட முடியாது. கடையை ‘ரன்’ செய்கிறார்கள், பள்ளியை ‘ரன்’ செய்கிறார்கள், ஒரு நாட்டையும் ‘ரன்’ செய்கிறார்கள். இவை ஒரு பொருளா, மூன்றா? ஆறும் குழாய்நீரும் சளிபிடித்த மூக்கும் ‘ரன்’ ஆகின்றன. இவை? சேர்ப்பவர் ஒன்று என்பார், பிரிப்பவர் மூன்று என்பார், இருவர் சொல்வதிலும் பிழை காண முடியாது. பிரிட்டனில் அகராதித் தொழிலையும் கணினி மொழியியலையும் ஒருசேர அறிந்திருந்த ஆடம் கில்கரிஃப், சொற்பொருள்கள் என்று தனித்தனியாக எண்ணத்தக்கவை இருக்கின்றன என்பதையே தாம் நம்பவில்லை என்று 1997இல் கட்டுரை எழுதினார். தொழிலை வெறுத்து எழுதியதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுபவத்தின் கணிப்பு அது. என் வாதமும் அந்தப் பக்கம்தான்: ‘ரன்’ போன்ற சொல்லின் பொருள் பெருமளவும் அது யாரோடு சேர்ந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஆங்கிலம்-தமிழ் அகராதி செய்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இதை ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும்.

இதை உணர எங்கள் தொழிலுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதற்குக் காரணம் சான்றுகள் வந்து சேர்ந்த வழி. 1879இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, புத்தகம் படிக்கும் தன்னார்வலர்களை நம்பினார். ஒரு சொல்லைக் கண்டால் அது வரும் வாக்கியத்தைச் சிறு தாளில் எழுதி அனுப்ப வேண்டும். தாள்கள் மாடப்பிறைகளில் அகரவரிசைப்படி அடுக்கப்படும். லட்சக்கணக்கில் வந்த அந்தத் தாள்களில் ஒரு கோணல் இருந்தது. படிப்பவரின் கண் புதுமையில்தான் நிற்கும், பழகியதைத் தாண்டிப் போய்விடும். வழக்கில் இல்லாத ‘அபியூஷன்’ என்ற சொல்லுக்கு ஏறத்தாழ ஐம்பது தாள் வந்திருந்தன, நாள்தோறும் புழங்கும் ‘அபியூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை என்று மர்ரே குறைபட்டார். எளிய சொற்களுக்கான மேற்கோள்களை ஆசிரியர்களே புத்தகங்களைப் புரட்டித் தேட வேண்டியிருந்தது. கையால் தொகுக்கும் முறையில் இந்தக் கோணல் தவிர்க்க முடியாதது; தமிழில் தாள் எழுதித் தொகுத்தவர்களுக்கும் இது தெரிந்ததே. இலக்கியத்திலிருந்து அரிய ஆட்சிகள் கட்டுக்கட்டாகச் சேரும்; ‘போடு’, ‘விடு’, ‘எடு’ என்ற சொற்களின் கட்டு மெலிந்து கிடக்கும். அப்படி மெலிந்த கட்டை வைத்துக்கொண்டு பொருள் எழுதும்போது, ஆசிரியர் தம் நினைவில் முதலில் வரும் பொருளை முதலில் எழுதுகிறார். நினைவு தருவதோ படமாகக் காணக்கூடிய பொருள்: கால், தெரு, ஓட்டம்.

கணினி வந்தபின் மாறியது வேகம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்வையே மாறியது. 1980இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் தொடங்கி 1987இல் அகராதியாக வெளிவந்த ‘கோபில்ட்’ பணி, லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட நடப்பு ஆங்கில உரைகளைக் கணினியில் ஏற்றி, ஒரு சொல் வரும் எல்லா இடங்களையும் வரிவரியாக அடுக்கியது. நடுவில் அந்தச் சொல் தூண் போல நிற்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அதன் அண்டைவீட்டார். வலப்பக்கச் சொற்களை அகரவரிசைப்படுத்தினால் ஒரு தெரு தெரியும், இடப்பக்கத்தை வரிசைப்படுத்தினால் வேறொரு தெரு. இப்படி அடுக்கிப் பார்த்தபோது, அகராதிகள் முதலில் வைத்த பொருள் பல சொற்களுக்கு வழக்கில் முதலாவதாக இல்லை என்பது தெரிந்தது. ‘பேக்’ என்றால் முதுகு என்றுதான் அகராதிக்காரரின் உள்ளுணர்வு சொல்லும். உரைகளிலோ ‘திரும்ப’ என்ற பொருளே மேலோங்கி நின்றது. இன்னும் ஆழமான கண்டுபிடிப்பு ‘செட் இன்’ என்ற கூட்டைப் பற்றியது. தொடங்கி நிலைகொள்வது என்று மட்டுமே அகராதிகள் அதற்குப் பொருள் சொல்லிவந்தன. அடுக்கிய வரிகளில் அதன் எழுவாய்களைப் பார்த்தால் அழுகல், சோர்வு, நம்பிக்கையிழப்பு, தொற்று. ஏறக்குறைய எல்லாமே வேண்டாதவை. தாய்மொழியாளர் ஒவ்வொருவரும் கடைப்பிடித்த ஒரு விதி, எந்தத் தாய்மொழியாளரும் எழுதிவைக்காத விதி. தமிழில் இப்படி இல்லையா? ‘விமர்சனத்துக்கு ஆளானார்’, ‘துன்பத்துக்கு ஆளானார்’, ‘சந்தேகத்துக்கு ஆளானார்’ என்போம். ‘பாராட்டுக்கு ஆளானார்’ என்று ஒருவர் எழுதினால் காது உறுத்தும். அந்த உறுத்தலைப் பதிவுசெய்யாத அகராதி சொல்லின் பாதியை விட்டுவிட்டது என்றே சொல்வேன்.

இந்தப் பார்வையோடு ‘ரன்’ஐத் தமிழுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் கிடைப்பது எனக்கு அலுக்காத காட்சி. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது: இங்கெல்லாம் இரண்டு மொழியும் கைகோத்துக்கொண்டு போகின்றன. கடைக்கு வந்ததும் பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலம் கடையை ஓட்டுகிறது, தமிழ் நடத்துகிறது. ‘நடத்து’ என்பது ‘நட’ என்பதன் பிறவினை. ஆக, ஆங்கிலம் ஓடவிடும் பள்ளியையும் பத்திரிகையையும் தமிழ் நடக்கவிடுகிறது. பேருந்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. வண்டிக்கு ஓட்டுநர், அதன் காரியத்துக்கு நடத்துநர். தேர்தலுக்கு வந்தால் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார், நம் ஊரிலும் நிற்கிறார். மூக்கு ஓடாது, ஒழுகும். துணியின் சாயம் ஓடாது, போகும். பக்கத்துத் துணியிலும் ஏறும். 2007 செப்டம்பரில் ‘நார்தர்ன் ராக்’ வங்கியின் வாசல்களில் பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் வரிசையில் நின்றபோது ஆங்கிலச் செய்திகள் அதை வங்கியின் மீதான ‘ரன்’ என்றன. அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடுவது வீண். ‘பணத்தை எடுக்க மக்கள் முண்டியடித்தார்கள்’ என்று நடந்ததைச் சொன்னால் போதும். லண்டனில் 1952இல் தொடங்கிய ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்தின் ‘ரன்’ நமக்கு எளிது, ஏனென்றால் நம் படங்களும் ஓடுகின்றன. கிரிக்கெட் ‘ரன்’னைத் தமிழ் ‘ஓட்டம்’ என்று எழுத்தில் வைத்துக்கொண்டு பேச்சில் ‘ரன்’ என்றே விட்டுவிட்டது, அதிலும் குறையில்லை. இந்தப் பட்டியலில் எங்கும் ‘ரன்’ என்ற சொல் தனியாகத் தமிழாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழானது ‘ரன்’னும் ஆறும், ‘ரன்’னும் கடையும், ‘ரன்’னும் மூக்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. இத்தனை பயன்பாட்டுக்கும் அடியில் ஒரு கருப்பொருள் இருக்கிறதே, வேகமாக நகர்வது. மற்றவை அதிலிருந்து உருவகமாகக் கிளைத்தவைதானே. கருவைக் கற்பித்தால் கிளைகளை மாணவர் தாமே ஊகிக்கலாமே என்பார்கள். வரலாறு இதற்கு அவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்வதில்லை. ‘ரன்’னின் மூதாதையான ‘ரின்னன்’ என்ற ஜெர்மானிய வினைக்கு ஓடுதல், நீர் பாய்தல் இரண்டுமே பழம்பொருள். ஜெர்மன் மொழியில் இன்றுள்ள ‘ரின்னன்’ வழிந்தோடுவதைத்தான் குறிக்கிறது. ஆறு ஓடுவது மனிதன் ஓடியதைப் பார்த்து எடுத்த உருவகம் என்று அடித்துச் சொல்ல இடமில்லை. அதைவிட முக்கியம், வரலாற்றில் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும், இன்று பேசுபவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்ற கேள்வியும் வேறுவேறானவை. மர்ரேயின் அகராதி முதல் கேள்விக்கு விடை தருவதற்காகப் பொருள்களைக் கால வரிசைப்படி அடுக்கியது. அந்தப் பணியில் அதற்கு இணை இல்லை. ஆனால் பள்ளி நடத்தும் ஆங்கிலேயர் யாரும் அப்படிச் சொல்லும்போது கால்களை நினைப்பதில்லை, ‘கூட்டம் நடத்தினோம்’ என்று சொல்லும் நாம் நடையை நினைக்காதது போல. ஊகம் மாணவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் பார்க்கலாம். கருப்பொருள் மட்டும் தெரிந்தவர் ஆங்கிலத்தில் காய்ச்சலையும், அதாவது உடம்புச் சூட்டையும், ‘ரன்’ செய்வார்கள் என்று எதை வைத்து ஊகிப்பார்?

இன்னொரு மறுப்பு: பொருள் அண்டைச்சொற்களில்தான் இருக்கிறது என்றால், கிரிக்கெட் மட்டையையும் வௌவாலையும் குறிக்கும் ‘பேட்’ என்ன ஆவது? அங்கே இரண்டு பொருள் இருப்பது தெளிவுதானே? தெளிவுதான், ஏனென்றால் அவை இரண்டு சொற்கள். வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒலியில் முடிந்தவை. தமிழில் ஓடுகிற ‘ஓடு’ம் கூரை மேலிருக்கும் ‘ஓடு’ம் போல. இவற்றை அகராதி தனித்தனிப் பதிவாக வைக்கிறது, வைக்க வேண்டும். ஆனால் இந்த எல்லைக்கோடும் நாம் நினைக்கும் அளவுக்கு நேரானதில்லை. பாடப்புத்தகங்கள் விரும்பும் உதாரணமான ‘பேங்க்’ஐ எடுத்துக்கொள்வோம்: ஆற்றங்கரை ஒன்று, பணம் போடும் இடம் ஒன்று, தொடர்பே இல்லாதவை என்று கற்பிக்கிறோம். கரை என்ற சொல் வட ஐரோப்பிய மொழி வழியே வந்தது, வங்கி என்பது வட்டிக்காரரின் மேசையைக் குறித்த இத்தாலியச் சொல் வழியே வந்தது. இன்னும் பின்னால் போனால் இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் முடிகின்றன. அகராதி இவற்றை இரண்டாகப் பிரிப்பது வேரைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்க முடியாது. இன்று இந்த இரண்டுக்கும் பொதுவான அண்டைவீட்டார் கிட்டத்தட்ட இல்லை. ஆறு, படகு, கோரை ஒரு பக்கம். கடன், கணக்கு, வட்டி மறுபக்கம். ஆக, மறுப்பாக எழுந்த உதாரணமே அண்டைச்சொற்களின் பக்கம் சாய்கிறது.

தமிழன்பர்கள் எழுப்பும் மறுப்பை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டு இழுக்கிறது, தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். ‘ரன்’ இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ‘அடி’யின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாடை அடிக்கிறது. மணி அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம், கைப்பம்பில் தண்ணீர் அடிக்கிறோம், பத்திரிகை அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், கொட்டம் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம், யோகமும் அடிக்கிறது. இவற்றைக் கற்க வரும் ஆங்கிலேயர் தம் மொழியில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சொல் இருப்பதைக் கண்டு, தமிழ் ஒரே சொல்லைப் போட்டு இழுக்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போகலாம். ‘பிடி’யும் சளைத்ததில்லை: மழை பிடிக்கிறது, சளி பிடிக்கிறது, நேரம் பிடிக்கிறது, அடம் பிடிக்கிறது, பேருந்தைப் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம்; அந்தப் படம் நமக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வழங்குகிறதோ அவ்வளவு அதன் பொருள்களும் பெருகும் என்பதை மொழியியலாளர் ஜார்ஜ் ஸிப்ஃப் 1945இலேயே ஆங்கிலத்துக்குக் கணக்கிட்டுக் காட்டினார். அதிகம் புழங்கும் சொல் எந்த மொழியிலும் இப்படித்தான் அகல்கிறது. இது மொழியின் வறுமையும் இல்லை, பெருமையும் இல்லை. கைக்கருகில் இருக்கும் கருவியைத்தான் நாம் எல்லோரும் எடுக்கிறோம்.

அப்படியானால் அகராதியே வேண்டாமா, மாணவர் கையில் ஆயிரம் வாக்கியங்களைக் கொட்டிவிட்டு அண்டைவீட்டாரை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாமா என்று கேட்பது நியாயம். வகைப்படுத்துவது தேவையான சேவை. 645 பொருளும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அத்தனை நுட்பமாக ஒரு சொல்லைப் பின்தொடர்ந்த உழைப்புக்கு முன் தலைவணங்குகிறேன். ஆனால் வகைகள் வாசகரின் வசதிக்காக நாம் போட்ட தடுப்புகள் என்பதை மறந்தால் அகராதி தவறான இடத்தில் முடிகிறது. கோபில்ட் இதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டது. சொல்லுக்கு நிகர்ச்சொல் தருவதை விட்டு, நீங்கள் ஒரு நிறுவனத்தையோ செயலையோ ‘ரன்’ செய்தால் அதற்குப் பொறுப்பாக இருக்கிறீர்கள் என்பது போல முழு வாக்கியத்தில் விளக்கம் எழுதியது. விளக்கத்துக்குள்ளேயே கூட்டாளி வந்துவிடுகிறார். நம் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பலவும் இன்னும் காற்புள்ளிகளால் பிரித்த நிகர்ச்சொல் வரிசைகளாகவே இருக்கின்றன: ஓடு, ஓட்டு, இயக்கு, நடத்து, பாய், ஒழுகு. எல்லாமே சரியான சொற்கள். எது யாருடன் போகும் என்ற ஒரே தகவல் மட்டும் இல்லை. அந்தத் தகவல் ஏற்கெனவே தெரிந்தவருக்கு அகராதி தேவையில்லை, தெரியாதவருக்கு அது உதவுவதில்லை. தமிழ்-தமிழ் பக்கத்தில் நிலைமை மேல். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இலக்கிய மேற்கோள்களோடு பொருள் எழுதியது. 1992இல் முதலில் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ நடப்பு உரைநடையிலிருந்து பொருள் பிரித்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களை விளக்கத்தின் பகுதியாகவே ஆக்கியது. அந்த ஒழுக்கம் இருமொழி அகராதிகளுக்கு வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இடம் போதாது என்ற பழைய பதில் அச்சுத் தாளுக்குப் பொருந்தியது, திரைக்குப் பொருந்தாது.

கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர்களிடமிருந்தும் ஒரு எதிர்ப்பு வரும். ஒரு சொல்லுக்கு ஒரு நிகர் என்ற உறுதி இல்லாவிட்டால் பாடநூல்கள் குழம்பிவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். வேதியியலுக்கும் சட்டத்துக்கும் அந்த உறுதி வேண்டும். அங்கே சொல்லை நாமே வரையறுத்து வைத்திருக்கிறோம். அந்த விதியை அன்றாட வினைகளின் மீது ஏற்றும்போதுதான் விபரீதம். கணினித் திரையில் நிரலை இயக்கும் ‘ரன்’னுக்கு ‘இயக்கு’ என்று ஒரு குழு முடிவெடுத்தால் அது அந்தத் திரைக்குச் சரி. அதே முடிவைப் பள்ளிக்கும் கடைக்கும் நீட்டினால் ‘அவர் ஒரு பள்ளியை இயக்குகிறார்’ என்ற வாக்கியம் பிறக்கிறது. இலக்கணப் பிழை அதில் இல்லை. தமிழ் பேசுபவர் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இயந்திர மொழிபெயர்ப்பின் வரலாறு இந்த வாதத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வலு சேர்த்தது. 1960இல் அத்துறையை ஆராய்ந்த யெஹோஷுவா பார்-ஹில்லல், இயந்திரத்தால் தரமான மொழிபெயர்ப்பு முடியாது என்று வாதிட ஒரு சிறிய உதாரணம் தந்தார்: ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது. பேனாவுக்குள் பெட்டி இருக்க முடியாது, குழந்தை விளையாடும் தட்டிக்கூண்டுக்குள்தான் இருக்கும். இதை அறியப் பேனாவின் அளவும் பெட்டியின் அளவும் தெரிய வேண்டும், இயந்திரத்துக்கு அது ஏது என்றார். அகராதிப் பொருள்களின் பட்டியலைக் கொடுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காலம் முழுக்க அவர் சொன்னது பலித்தது. பிறகு வந்தவர்கள் பட்டியலைத் தூக்கிவைத்துவிட்டு, கோடிக்கணக்கான வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லும் எவற்றுக்கு அருகில் வருகிறது என்பதை மட்டும் கற்பித்தார்கள். பொம்மையும் சிறுவனும் பக்கத்தில் நிற்கும் ‘பென்’ எது என்பதைக் கண்டுகொள்ள அது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. தமிழுக்கு இதில் ஒரு இழப்பும் உண்டு. இணையத்தில் இருக்கும் தமிழ் உரை ஆங்கிலத்தோடு ஒப்பிடக் குறைவு; அதிலும் பேச்சுக்கு நெருக்கமான தமிழ் இன்னும் குறைவு. ‘நடத்து’வின் கூட்டாளிகள் செய்தித்தாளில் கிடைத்துவிடுவார்கள். ‘அடி’யின் கூட்டாளிகள் வீட்டிலும் தெருவிலும் பட்டறையிலும் இருக்கிறார்கள்; அவர்களை யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

ஆங்கிலத்தில் உடம்புச் சூட்டை ‘ரன்’ செய்கிறார்கள் என்று சொன்னேன். அந்த ஒரு வரிக்கு அகராதியில் என்ன எழுதுவது என்ற கேள்வி மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டிவிடுகிறது. ‘வெப்பநிலை கொண்டிரு’ என்று எழுதலாம், யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ‘காய்ச்சல் இருக்கிறது’ என்றால் பொருள் சரி. காய்ச்சல் ஏறி உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நிலை மட்டும் அதில் வரவில்லை. ‘குழந்தைக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் அடிக்குது’ என்று மருத்துவமனை வாசலில் ஒரு தாய் சொல்வதில் அது வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ரன்’ இங்கே தமிழின் ‘அடி’யாகிறது, இரண்டு சொற்களுக்கும் நடுவில் காய்ச்சல் நிற்கிறது. ‘ரன்’ என்ற பதிவின் கீழ் இதைக் காய்ச்சலோடு சேர்த்து எழுதிவிட்டு, ‘அடி’ என்ற பதிவிலும் வெயில், காற்று, வாடை என்ற வரிசையில் நான்காவதாகக் காய்ச்சலைச் சேர்த்துவிட வேண்டும்.